குடுவையில் விழுந்த கோடு

மின்னி பே, போர்ட் பிளேர்
13.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுரேந்திரன் எழுதுவது. நான், சுதா, கார்த்திகா, உங்கள் மகன் முத்துராஜ் நால்வரும் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் கேட்கலாமென்றால் கட்சால் தீவில் சிக்னல் வருவதற்குள் எனக்கு வயசாகிவிடும். அதனால் பழையபடி பேனாவையே தூக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பட்டறையில் ஆயுத பூஜை. இந்த ஃபைபர் படகுப் பட்டறையில் ஃபோர்மேனாகப் பதினாலு வருஷம் ஓட்டிவிட்டேன். பூஜை மட்டும் நான் சொன்னபடிதான் நடக்கும். காண்ட்ராக்டர் பாலசுப்பிரமணியம் பொரியும் பழமும் வாங்கிக் கொடுப்பதோடு சரி. இரண்டு நாள் முன்னாலிருந்தே எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தோம். பெயின்ட் அடிக்கும் கம்ப்ரெஸரில் ஒரு குடுவை உண்டு. காற்றோடு வரும் தண்ணீரையும் எண்ணெயையும் பிடித்து வைப்பது. பார்த்தால் கண்ணாடி, தட்டினால் பிளாஸ்டிக். பெயின்ட் படிந்து, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாமல் கிடந்தது. அதை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே தின்னர் போட்டுத் துடைத்தேன். சந்தனம் குங்குமம் வைத்து மாட்டியதும் பக்கத்துப் பட்டறை பெங்காலி மேஸ்திரி வந்து, "நயா லியா க்யா?" என்று கேட்டான். புதுசாக வாங்கினோமாம்! முத்துராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவனும் என்னிடம் வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. பெயின்ட் கன் பிடிக்கிற கை நன்றாகப் படிந்துவிட்டது. சீசன் தொடங்கப் போகிறது. ஒன்பது டூரிஸ்ட் படகுகள் வரிசையில் நிற்கின்றன. நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது.

உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

அன்புத் தம்பி,
சுரேந்திரன்


கட்சால்
29.10.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் கடுதாசி கிடைத்தது. நீங்கள் எல்லாரும் சுகம் என்று வாசித்ததில் மனதுக்கு ஆறுதல். என் முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. மழை விடவில்லை. ரப்பர்ப் பால் வெட்டு இல்லாமல் பதினோரு நாள் ஆயிற்று. மரம் ஈரமாக இருந்தால் வெட்டி என்ன பயன், பால் எல்லாம் பட்டையில் வழிந்துவிடும்.

முத்துராஜ் சாப்பிடுகிறானா? கேட்டால் "ம்" என்பான், அவனிடம் கேட்டுப் பயனில்லை. அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை, தனக்கு ஒன்று வேண்டுமென்றாலும் வாய் திறந்து கேட்கமாட்டான். உன்னிடம் அனுப்பிய பிறகுதான் நான் படுத்தால் தூங்குகிறேன். இதை உன்னிடம் நேரில் சொன்னதில்லை, எழுதிவிடுகிறேன்.

தீபாவளிக்குச் சுதா முறுக்குச் சுட்டால் அவனுக்கு நாலு கூடப் போடச் சொல்.

உன் அக்கா,
வசந்தகுமாரி


மின்னி பே
9.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் நேற்றுதான் வந்தது. எல்லாரும் சௌக்கியம். முறுக்கில் நாலு என்ன, டப்பாவையே உங்கள் மகன் காலி செய்துவிட்டான்.

வேலை கழுத்தை நெரிக்கிறது. ஒன்பது படகில் மூன்றுதான் முடிந்திருக்கிறது. காண்ட்ராக்டர் காலையில் வந்தால் "ஜல்தி கரோ", சாயங்காலம் வந்தாலும் "ஜல்தி கரோ". ராமநாதபுரத்துக்காரர் அவசரப்படும்போது மட்டும் ஹிந்தி பேசுகிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது போல, படகுக்காரர்கள் ஒரு வாரம் பொறுக்கிறேன் என்றாலும் இவர் விடமாட்டேன் என்கிறார்.

உங்கள் மகன் வரவரச் சந்தேகப் பிராணியாகிவிட்டான். அந்தக் கம்ப்ரெஸர் குடுவையில் முடி முடியாகக் கோடு விழுந்திருக்கிறதாம். "மாமா, இது வெளியில விழுந்த கீறல் இல்ல, உள்ளுக்குள்ள ஓடுது. மாத்திடலாம்" என்று மூன்று நாளாக நச்சரிக்கிறான். மாற்றுவதென்றால் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும், அதுவரை வேலையை நிறுத்தவேண்டும். சுற்றி இருந்த கம்பிக் கூடும் துருப்பிடித்துப் போன வருஷமே போய்விட்டது. "கீறல்தான்டா, போய் வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். யாரைப் போல இப்படிப் பயந்தாங்கொள்ளியாக இருக்கிறானோ!

முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிறவர் யாராவது இருந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

சுரேந்திரன்


மின்னி பே
26.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் முத்துராஜும் கப்பலில் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? கடல் கொந்தளிப்பு என்று ஜெட்டியில் சொன்னார்கள். அவன் கண் கட்டில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டீர்களா? சொட்டு மருந்து ஆறு மணிக்கொரு தடவை. சீட்டு உங்கள் பையின் பக்க அறையில் இருக்கிறது.

நீங்கள் இருந்த மூன்று வாரமும் வீட்டில் நாலு பேர் பேசுகிற சத்தமாவது இருந்தது. இப்போது சுதாவும் கார்த்திகாவும்கூடச் சாடையில்தான் பேசிக்கொள்கிறார்கள். நவம்பர் பத்தொன்பதாம் தேதியிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குடுவை வெடித்த சத்தம் நான் ஆபீஸ் அறையில் இருந்தபோது கேட்டது. டயர் வெடித்தது என்று நினைத்தேன். ஓடிவந்து பார்த்தால் பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "ஒண்ணுமில்ல மாமா, ஒண்ணுமில்ல" என்கிறான். விரல் இடுக்கில் ரத்தம். இதெல்லாம் உங்களுக்குச் சொன்னதுதான், திரும்பத் திரும்ப அதுவேதான் வருகிறது.

அன்றைக்குப் பெயின்ட் பொடிப்பொடியாகத் தெறிக்கவில்லை என்று முத்துராஜ் காற்றை ஏற்றி வைத்தானாம். அதனால்தான் என்று காண்ட்ராக்டர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் ஒன்றும் பேசவில்லை. இப்போது பேசி என்ன ஆகப்போகிறது, போன பார்வையா திரும்பும்?

இன்று அத்தான் சுனாமியில் போன நாள். இருபது வருஷம். விளக்கு ஏற்றியிருப்பீர்கள். நாங்களும் ஏற்றினோம்.

ஒன்று கேட்க மறந்தேன். நவம்பர் ஒன்பதாம் தேதி ஒரு கடிதம் போட்டிருந்தேன். நீங்கள் இங்கே கிளம்பிவந்த பிறகுதான் அங்கே சேர்ந்திருக்கும். கிடைத்ததா? அதில் விசேஷம் ஒன்றுமில்லை, சும்மா வேலை அலுப்பில் எழுதியது. கிடைத்தால் வாசிக்கவேண்டாம், கிழித்துப் போட்டுவிடுங்கள்.

சுரேந்திரன்


கட்சால்
8.1.2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். கப்பலில் அவன் வாந்தி எடுத்தான், ஆனால் கட்டு நனையவில்லை. மருந்து நேரம் தவறாமல் போடுகிறேன். நீயும் சுதாவும் பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். கஞ்சியாவது குடி.

வலது கண் இனி வராது என்று டாக்டர் சொன்னதை அவனிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வாசலைத் தாண்டுவதில்லை. தோட்டத்து ஆட்கள் பார்க்க வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். எப்படி ஆயிற்று என்று யார் கேட்டாலும் ஒரே பேச்சுத்தான். "நான்தான் காத்தக் கூட்டுனேன். என் புத்திதான்." சாப்பிடும்போது தட்டுக்கு வலப்பக்கம் கை தவறுகிறது. அதற்கும் "என் புத்திதான்" என்கிறான். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போனது, தம்பி. பிள்ளை சொல்வது அம்மாவுக்கு அலுக்கலாமா? அலுக்கிறது.

இங்கே ஒன்று நடந்தது. என்னோடு பால் வெட்டுகிற ரெங்கம்மா தன் கம் பூட்ஸில் ஒட்டியிருந்த ரப்பர்ப் பாலை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். நன்றாகத்தான் வெளுத்தது. ஒரு மாதத்தில் கணுக்காலில் மடிகிற இடம் பிளந்துவிட்டது. அதே மண்ணெண்ணெயில் கழுவி மூலையில் போட்டிருந்த இன்னொரு ஜோடி அப்படியே இருக்கிறது. பாரம் தாங்குகிறதுதான் முதலில் உடைகிறது. இருபத்தைந்து வருஷம் ரப்பரோடு கிடக்கிறேன், இதை இப்போதுதான் கவனித்தேன்.

பொங்கலுக்குப் பச்சரிசி வாங்கியாயிற்று. நீ ஏதாவது எழுத நினைத்தால் எழுது.

உன் அக்கா,
வசந்தகுமாரி


மின்னி பே
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம் என்றுதான் எழுதவேண்டும், எழுதிவிட்டேன். பொங்கல் சுமாராகப் போனது. கார்த்திகாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது. முத்துராஜின் இடது கண்ணில் நீர் வடிவது நின்றதா? அதிகம் வாசிக்கவேண்டாம் என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்துங்கள்.

பட்டறைக்குப் புதுக் குடுவை வந்துவிட்டது. இரும்புக் கூடும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். கூடவே ஒரு தாள், இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் என்னவோ பொடி எழுத்து. நான் வாசிக்கவில்லை.

இத்துடன் ஒரு பேப்பர் வைத்திருக்கிறேன். மார்ச் இருபதாம் தேதி லேபர் ஆபீஸரிடம் விசாரணை. காற்றை அளவுக்கு மீறி ஏற்றியது தான்தான் என்று முத்துராஜ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், அவன் அலையவேண்டியதில்லை, விஷயம் அதோடு முடிந்துவிடும் என்கிறார் காண்ட்ராக்டர். சும்மா ஃபார்மாலிட்டிதான். எனக்கும் இதை அனுப்பப் பிடிக்கவில்லை. அவர் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார், மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த நவம்பர் கடிதம் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே. கிடைக்கவில்லை போலிருக்கிறது. தபால் பை எத்தனையோ தண்ணீரில் விழுகிறது.

சுரேந்திரன்


கட்சால்
20.2.2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும். கார்த்திகா நன்றாக எழுதட்டும்.

பேப்பரைப் பார்த்ததும் அவன் பேனா கேட்டான். எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேப்பரை ரேஷன் கார்டு டப்பாவில் வைத்து மூடிவிட்டேன். சாவி என் கழுத்தில் இருக்கிறது. என் பிள்ளை ஒரு கண்ணைக் கொடுத்தது போதும், கையெழுத்தும் கொடுக்கவேண்டாம்.

வெடித்த பிறகு நீ இரண்டு கடுதாசி எழுதினாய். முதலாவதில் வெடித்த சத்தம் இருக்கிறது. ஏன் வெடித்தது என்று இரண்டிலும் இல்லை. காண்ட்ராக்டர் சொன்னதை எழுதுகிறாய். நீ ஃபோர்மேன், உனக்கு என்ன தோன்றுகிறது? அதைக் கேட்கிறேன்.

உன் அக்கா,
வசந்தகுமாரி


கட்சால்
23.2.2025

அன்புள்ள மாமாவுக்கு முத்துராஜ் எழுதிக்கொள்வது.

நீங்கள், அத்தை, கார்த்திகா எல்லோரும் நலமா? நான் நலம். எழுத்துக் கோணலாக இருக்கும், மன்னிக்கவும். வரி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

பேப்பரை அம்மா பூட்டி வைத்துவிட்டார்கள். வேறு பேப்பர் அனுப்பினால் போட்டுத் தருகிறேன். அம்மா பெயருக்கு அனுப்பாமல் தோட்டத்து ஆபீஸுக்கு என் பெயர் போட்டு அனுப்புங்கள்.

குடுவையில் கோடு இருந்ததைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். கோடு தெரிந்தும் நான்தானே காற்றைக் கூட்டினேன். உங்களுக்கு வேலை இருக்கவேண்டும், கார்த்திகா காலேஜ் போகவேண்டும். நீங்கள் இதையே நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கவேண்டாம்.

இப்படிக்கு,
முத்துராஜ்


மின்னி பே
24.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்கால், முத்துராஜின் கண், இரண்டும் எப்படி என்று கேட்கிற தகுதிகூட எனக்கில்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒரு மாதமாகப் பதில் போடாததற்குக் காரணம் வேலை இல்லை. நாலு தடவை எழுதி நாலு தடவை கிழித்தேன்.

நவம்பர் மாதம் முத்துராஜ் குடுவையில் கோடு விழுந்திருக்கிறது என்று என்னிடம் வந்து சொன்னான். மூன்று நாள் சொன்னான். கீறல் என்று சொல்லி அனுப்பினேன். நீங்கள் இங்கே மூன்று வாரம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போதெல்லாம் இது என் தொண்டையில்தான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அந்தச் சோற்றைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அப்போது கோடு மட்டும்தான் தெரியும். ஏன் விழுந்தது என்று தெரியாது. புதுக் குடுவையோடு ஒரு தாள் வந்தது, வாசிக்கவில்லை என்று எழுதினேனே, அது பொய். வந்த அன்றே வாசித்தேன். சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவவேண்டும், தின்னர் படவே கூடாது என்று ஹிந்தியில் கொட்டை எழுத்தில் இருந்தது. நம்பாமல் கார்த்திகாவிடம் காட்டினேன். யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். அவள் சொன்னாள்: "சும்மா கிடக்குற பிளாஸ்டிக்க தின்னர் அவ்வளவு சீக்கிரம் ஒண்ணும் பண்ணாதுப்பா. அத முறுக்கி மாட்டி, உள்ள காத்தையும் அடைச்சா, அது எந்நேரமும் இழுபட்டுக்கிட்டே நிக்கும். அப்ப தின்னர் பட்டுச்சுன்னா, இழுவ அதிகமா இருக்குற இடமாப் பாத்து உள்ள பூந்து பிரிச்சு விட்டுடும். மொதல்ல முடி மாதிரி கோடு. அப்புறம் ஒரு நாள் மொத்தமா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பூஜைக்குத் தின்னர் போட்டுத் துடைத்தது நான். பளபளவென்று இருக்கிறது என்று பெருமைப்பட்டதும் நான். அது தெரிந்த பிறகுதான் அந்தப் பேப்பரை உங்களுக்கு அனுப்பினேன், அக்கா. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

போன மாதம் முத்துராஜ் தனியாக எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தான். வேறு பேப்பர் அனுப்பினால் கையெழுத்துப் போடுகிறேன் என்று. உங்களுக்குத் தெரியாமல் எழுதியதற்காக அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வரி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. அதைப் படித்த பிறகு என்னால் பட்டறையில் அந்தக் கம்ப்ரெஸர் பக்கம் போக முடியவில்லை.

இருபதாம் தேதி விசாரணைக்குப் போனேன். காண்ட்ராக்டர் எழுதிவைத்ததை நீட்டினார். ஆபீஸர் வாசித்துவிட்டு, "ஃபோர்மேன் கௌன் ஹை?" என்று கேட்டார். எழுந்து நின்றேன். "தின்னர் ஸே மைனே ஸாஃப் கியா, ஸாப்" என்றேன். நான்தான் துடைத்தேன் என்று. அதற்குப் பிறகு எல்லாம் தானாக வந்தது. கோடு, கீறல் என்று சொன்னது, கூடு இல்லாமல் ஓட்டியது எல்லாம் சொன்னேன், எழுதிக்கொண்டார். காண்ட்ராக்டர் வெளியே வந்து, "பதினாலு வருஷம் உப்பத் தின்னுட்டு இப்பிடிப் பண்ணிட்டியேய்யா" என்றார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார். திக்லிபூரில் தெரிந்த ஒருவர் படகு ஷெட் போட்டிருக்கிறார், போய்க் கேட்கப்போகிறேன். சுதா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "இத அன்னிக்கே சொல்லியிருந்தா எல்லாருமே நிம்மதியா அழுதிருக்கலாம்" என்றாள்.

முத்துராஜ் அன்றைக்கு மீட்டரில் காற்றை ஐந்திலிருந்து ஆறுக்கு ஏற்றினான். அவ்வளவுதான். நல்ல குடுவை பத்து வரைக்கும் தாங்கும் என்று அந்தத் தாளிலேயே போட்டிருக்கிறது. அவன் ஏற்றாமல் இருந்திருந்தாலும் அது அடுத்த நாளோ அடுத்த வாரமோ வெடித்திருக்கும், வேறு யார் முகத்திலாவது. அவன்மேல் ஒரு நூலளவும் தப்பில்லை. அவன் ஒருத்தன்தான் அந்தப் பட்டறையில் கண்ணைத் திறந்து பார்த்தவன்.

மன்னிப்புக் கேட்டு எழுதினால் அதுவும் உங்கள்மேல் ஒரு பாரம். அதனால் கேட்கவில்லை.

தம்பி,
சுரேந்திரன்


கட்சால்
11.4.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. என் முழங்கால் அப்படியே இருக்கிறது. சுதாவையும் கார்த்திகாவையும் மிகவும் கேட்டதாகச் சொல். திக்லிபூரில் வேலை கிடைத்ததா என்று எழுது.

உன் நவம்பர் கடுதாசி எனக்குக் கிடைத்தது. டிசம்பரில் அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது கதவு இடுக்கில் கிடந்தது. அவனைப் படுக்கவைத்துவிட்டு அடுப்படியில் நின்று வாசித்தேன். கோடு, கீறல், பயந்தாங்கொள்ளி, எல்லாம் உன் கையெழுத்தில் இருந்தது. குடுவையை எதால் துடைத்தாய் என்று அக்டோபரிலேயே எழுதியிருந்தாய். இரண்டையும் எடுத்துவைத்தேன். ரெங்கம்மாவின் பூட்ஸ் வெடித்த அன்று இரண்டையும் சேர்த்து இன்னொரு முறை வாசித்தேன்.

அந்த இரண்டு கடுதாசியையும் ஆபீஸருக்கு அனுப்பியிருக்கலாம். பெற்றவள் அனுப்பியிருக்கவேண்டும். நான் அனுப்பவில்லை. கடல் வந்த வருஷம் இவனைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறியது நீ. அந்தத் தம்பி தானாகச் சொல்லுவான் என்று ஒவ்வொரு கப்பலுக்கும் காத்திருந்தேன். நீ கிழித்துப் போடச் சொன்னாய். பேப்பர் அனுப்பினாய். அன்றைக்கு உன்னைத் தலைமுழுகிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நான் காத்திருந்த நாளெல்லாம் என் பிள்ளை "என் புத்திதான்" என்று சொல்லிக்கொண்டே கிடந்தான். அந்தத் தப்பு உன்னுடையதில்லை, என்னுடையது. நானும் உன்னைப் போலத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. எப்போது போகும் என்று தெரியவில்லை.

நீ எழுதியதை அவனிடம் நானே எடுத்துச் சொல்லலாம் என்று பார்த்தேன். வாய் வரவில்லை. நேற்றுச் சாயங்காலம் தோட்டத்து வேலை முடிந்து வந்து, கை கழுவிவிட்டு, உன் கடுதாசியை அவனுக்கு முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் அப்படியே கேட்டான். முடிந்த பிறகும் திரும்பவில்லை. தூங்கிவிட்டானோ என்று நினைத்தேன்.

பிறகு, "அம்மா, எம்மேல தப்பில்லன்னு மாமா எழுதியிருக்காங்களே, அந்த எடத்த மட்டும் இன்னொருக்கா வாசிங்க" என்றான்.

வாசித்தேன்.

"இன்னொருக்கா" என்றான்.

அஞ்சு தடவை வாசித்தேன், தம்பி.

உன் அக்கா,
வசந்தகுமாரி